இந்தியாவில் ஹாம் வானொலிச் சங்கங்கள்: வரலாறும் செயல்பாடும்

ஹாம் வானொலி என்பது, அரசிடம் உரிமம் பெற்ற தனிமனிதர்கள், ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, வானலைகள் வழியாக ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொள்ளும் சேவையாகும். அமெச்சூர் வானொலி என்பது இதன் சட்டப் பெயர். வானொலி நிலையம் ஒலிபரப்ப, வீட்டில் இருப்பவர் கேட்பது ஒருவழிப் பாதை. ஹாம் வானொலியிலோ கேட்பவரே பேசுபவராகவும் இருக்கிறார். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பி, மேசையில் ஒரு கருவி, பக்கத்தில் ஒரு குறிப்பேடு. இவ்வளவுதான் ஒரு நிலையம்.

இந்தச் சேவையை நாடெங்கும் தாங்கி நிற்பவை சிறு சிறு சங்கங்கள். தேர்வுக்குப் பயிற்சி தருவது, கம்பி கட்ட ஆள் அனுப்புவது, பழுதான கருவியைப் பிரித்துப் பார்ப்பது, புயல் வந்தால் மின்கலத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது எல்லாம் அந்தந்த ஊர்ச் சங்கத்தாரின் வேலை.

'ஹாம்' என்ற சொல்லுக்குப் பலர் பல விளக்கம் சொல்வர். மூன்று பேரின் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது என்ற கதை மிகவும் பரவியது. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தந்தி நிலைய ஊழியர்கள், கை பழகாத தந்தியாளரைக் கேலியாக அழைத்த சொல் இது என்பதே பொருத்தமான விளக்கம். கேலியாக வந்த பெயரை வானொலி ஆர்வலர்கள் பெருமையோடு சூடிக்கொண்டார்கள்.

எதற்கும் உதவாத அலைகள்

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கிய பின், அமெரிக்க அரசு வானொலிக்கு ஒரு சட்டம் இயற்றியது. கப்பல்களின் செய்திக்கு இடையூறு செய்பவர்கள் என்று ஆர்வலர்கள் மீது புகார் இருந்தது. ஆகவே 200 மீட்டரும் அதற்குக் குறைவான அலைநீளமும் மட்டுமே அவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அலை நீளமாக நீளமாகத்தான் அது வெகுதூரம் போகும் என்பது அக்கால நம்பிக்கை. எனவே சிற்றலைகள் எதற்கும் உதவாதவை. அவற்றைக் கொடுத்துவிட்டால் இவர்கள் தாமாகவே ஓய்ந்துபோவார்கள் என்று கருதப்பட்டது.

அவர்கள் ஓயவில்லை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த ஹைரம் பெர்சி மேக்சிம், பக்கத்து மாநிலத்தில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு ஒரு செய்தி அனுப்ப முயன்றார். அவருடைய கருவியின் வீச்சு அவ்வளவு தூரம் எட்டவில்லை. இடையிலிருந்த ஓர் ஆர்வலர் அதை வாங்கி மறுபடி அனுப்பினார். கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினால் நாடு முழுவதையும் எட்டலாமே என்று தோன்றிய மேக்சிம், 1914இல் கிளாரன்ஸ் டஸ்காவுடன் சேர்ந்து அமெரிக்க வானொலிக் கைமாற்றுக் கழகத்தைத் தொடங்கினார். உள்ளூர்ச் சங்கங்களை ஒரு சங்கிலியாகக் கோத்த அமைப்பு அது. இன்றும் இயங்குகிறது.

1921 டிசம்பரில் பால் காட்லி என்பவர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும் கூடாரம் அடித்துக்கொண்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்து வந்த அமெரிக்க ஆர்வலர்களின் குறியீடுகளைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலாய், அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல் ஆகியோர் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் கடல் கடந்து இருவழித் தொடர்பு கொண்டனர். அதற்கு அடுத்த ஆண்டு 1924 அக்டோபர் 18 அன்று லண்டன் மில்ஹில் பள்ளியிலிருந்து செசில் காய்டர் என்ற மாணவர், உலகின் மறுகோடியான நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை ஒன்றில் இருந்த ஃபிராங்க் பெல்லுடன் தொடர்பு கொண்டார். பள்ளிக்கூடத்தில் இருந்த கருவியால் இது முடிந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே, சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. அவை அயனி மண்டலம் எனப்படும். சிற்றலைகள் அதில் பட்டு வளைந்து தரைக்குத் திரும்புகின்றன. தரையில் பட்டு மறுபடி மேலே போகின்றன. இப்படித் தாவித் தாவி உலகைச் சுற்றிவிடும். பகலில் ஒரு அலைவரிசை, இரவில் வேறொன்று என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதும், 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகும்போது தொடர்பு எளிதாவதும் இந்த மண்டலத்தின் குணங்கள். உதவாது என்று தள்ளப்பட்ட அலைகள் பொன்னானவை என்று தெரிந்தவுடன் அரசுகளும் நிறுவனங்களும் அவற்றுக்குப் போட்டியிட்டன. ஆர்வலர்களின் பங்கு சில குறுகிய பட்டைகளாகச் சுருங்கியது. அந்தப் பங்கையாவது காப்பதற்கென்று 1925இல் பாரிஸில் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் உருவானது.

சென்னை, 1924

இந்தியாவில் முதன்முதலில் அமெச்சூர் வானொலி இயக்கியவராக அறியப்படுபவர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து. ஆண்டு 1921. அவரைத் தொடர்ந்து அதே நகரின் முகுல் போஸ் வந்தார். இரண்டு ஆண்டுகளில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலிச் சங்கங்கள் ஒலிபரப்பவும் தொடங்கின. இந்தியாவில் ஒலிபரப்பைத் தொடங்கி வைத்தது அரசு அன்று. இந்த ஆர்வலர் சங்கங்கள்தாம்.

சென்னையில் அந்த வேலையைச் செய்தவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. மின்பொறியாளர். இவர் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. அவர்களிடம் இருந்த ஒலிபரப்பியின் திறன் 40 வாட். இன்று ஒரு வீட்டு மின்விசிறி தின்னும் மின்சாரத்தைவிடக் குறைவு. பின்னர் 200 வாட் கருவி வந்தது.

மாலை வேளையில் இசையும் பேச்சும் ஒலிபரப்பாயின. கேட்பதற்குக் கடையில் பெட்டி வாங்கும் காலமா அது? பல வீடுகளில் படிகக் கருவிதான். ஒரு கலீனாக் கல், அதைத் தொடும் மெல்லிய கம்பி, ஒரு கம்பிச்சுருள், காதில் மாட்டும் கேட்பொறி. மின்சாரமே தேவையில்லை. கல்லின் எந்தப் புள்ளியில் கம்பி பட்டால் பாட்டு கேட்கும் என்று தடவித் தடவித் தேட வேண்டும்.

சங்கம் உறுப்பினர் சந்தாவை நம்பி நடந்தது. ஒலிபரப்போ யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடியது. கேட்பவர் பெருகப் பெருகச் செலவு ஏறியதே தவிர, வருவாய் ஏறவில்லை. 1927 அக்டோபரில் பணமுடையால் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தி, கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டது. மூன்றே ஆண்டு வாழ்ந்த முயற்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் அக்கருவியைக் கொண்டு தானே ஒலிபரப்பியது. கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து மக்கள் கேட்டனர். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சி இருந்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை இது நடந்தது. சென்னை வானொலியின் வயதைக் கணக்கிடுவோர் பலர் 1938இலிருந்து தொடங்குகின்றனர். பதினான்கு ஆண்டு விட்டுப்போகிறது.

ஒலிபரப்பு அரசின் கைக்குப் போன பிறகு, ஆர்வலர்களுக்கு மிஞ்சியது தமக்குள் பேசிக்கொள்ளும் இருவழித் தொடர்பு மட்டுமே. இந்திய நிலையங்களின் அழைப்புக்குறி 'வி.யூ.' என்று தொடங்கும் வழக்கமும் இக்காலத்தில் வந்தது.

போரும் தடையும்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரித்தானிய இந்திய அரசு அமெச்சூர் உரிமங்களை நிறுத்திவிட்டது. கருவிகளை ஒப்படைக்க உத்தரவு வந்தது. வானலையில் தனிமனிதக் குரல் அடங்கியது.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கித் தலைவர்கள் எல்லாரும் சிறை சென்றபோது, பம்பாயில் 22 வயது உஷா மேத்தாவும் தோழர்களும் தலைமறைவாக ஒரு வானொலியை நடத்தினர். காங்கிரஸ் வானொலி என்பது அதன் பெயர். ராம் மனோகர் லோகியா அதற்குத் துணை நின்றார். ஒலிபரப்பியைக் கட்டிக்கொடுத்தவர் நரிமன் பிரிண்டர். அமெச்சூர் வானொலியில் பழகியவர். நிலையம் 42.34 மீட்டரில் இயங்குவதாக அறிவிப்புச் செய்யப்பட்டது. ஒளியின் வேகத்தை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டரை, இந்த எண்ணால் வகுத்தால் 7.08 மெகாஹெர்ட்ஸ் வரும். இன்று இந்திய ஹாம்கள் காலை தோறும் கூடிப் பேசும் 40 மீட்டர் பட்டைக்குள் அடங்கும் எண் அது.

அலை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் காவல்துறை திசைகாட்டும் கருவி பொருத்திய வண்டியில் நகரைச் சுற்றியது. ஆகவே குழுவினர் வீடு மாற்றி வீடு மாற்றி ஒலிபரப்பினர். மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. 1942 நவம்பர் 12 அன்று பிடிபட்டனர். உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டுச் சிறை. தொழில்நுட்ப உதவி செய்தவரே காட்டிக்கொடுத்தார் என்று அவர் பின்னாளில் சொன்னார். கருவி கட்டத் தெரிந்தவர் கையில் எவ்வளவு பொறுப்பு இருந்தது என்பதற்கு இந்த வழக்கின் இரு பக்கமும் சான்று.

விடுதலைக்குப் பின்

1948 மே 15 அன்று மத்தியப் பிரதேசத்தின் மோ நகரில் உள்ள இராணுவத் தகவல்தொடர்புப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் தொடங்கப்பட்டது. 1954இல் தலைமையிடம் தில்லிக்கு மாறியது. தொடக்ககால உறுப்பினர் பலர் படைப்பிரிவில் மோர்ஸ் கற்றவர்கள். போர் முடிந்து கழிவாக ஏலம் விடப்பட்ட இராணுவக் கருவிகளே அன்றைய ஹாம்களின் மூலதனம். சென்னையில் ரிச்சி தெருவில் வால்வும் கண்டன்சரும் தேடி அலைவது ஒரு தலைமுறையின் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது.

புதிய கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சுங்கவரி பெரும் தடை. 1980களில் அது தளர்த்தப்பட்டது. ராஜீவ் காந்தியே உரிமம் பெற்ற ஹாம் என்பது இதற்கு ஒரு காரணம். 1983இல் ஐதராபாத்தில் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் தொடங்கியது. சென்னை, பெங்களூரு, கொல்கத்தா போன்ற நகரங்களின் சங்கங்கள் வலுப்பெற்றன.

உரிமம் பெறுவதற்கு மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சகத்தின் வானொலி அலைவரிசைப் பிரிவு தேர்வு நடத்துகிறது. 12 வயது நிறைந்தால் எழுதலாம். அடிப்படை மின்னியல் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. உயர்நிலை உரிமத்துக்கு நெடுங்காலம் மோர்ஸ் தேர்வும் இருந்தது. மோர்ஸ் கட்டாயம் என்ற உலக விதியைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003இல் நீக்கி, அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. உயர்நிலை உரிமம் உள்ளோரின் அழைப்புக்குறி 'வி.யூ.2' என்றும், தொடக்கநிலையினருடையது 'வி.யூ.3' என்றும் தொடங்கும். அந்தமான் தீவுகளுக்கு 'வி.யூ.4', லட்சத்தீவுகளுக்கு 'வி.யூ.7'.

தேர்வில் வெற்றி பெற்றாலும் உடனே பேசிவிட முடியாது. காவல்துறை விசாரணை முடிந்து உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பத்தாம் வகுப்பில் தேர்வெழுதிய மாணவன் ஆர்வம் தணிந்த பிறகு உரிமம் பெறுவதால் பயனில்லை. இந்த இடைவெளியில் அவனைப் பிடித்து வைத்துக்கொள்வது உள்ளூர்ச் சங்கத்தின் திறமை. சங்க நிலையத்தில் மூத்தவர் அருகே அமர்ந்து கேட்கலாம். கேட்பதற்கு உண்டான பழக்கமே பாதிப் பயிற்சி.

சங்கத்தின் அன்றாடம்

பெரும்பாலான சங்கங்களின் நாள் ஒரு 'நெட்'டுடன் தொடங்குகிறது. குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் எல்லாரும் கூடுவதே நெட். ஒருவர் நெறியாளர். அவர் பெயர் பெயராக அழைப்புக்குறியைக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து வணக்கம் சொல்லி, சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று அறிக்கை தந்து, ஊரில் மழையா வெயிலா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வெளியிலிருந்து கேட்பவருக்கு இது வெட்டிப் பேச்சாகத் தோன்றும். 'உங்கள் குரல் ஐந்துக்கு ஒன்பது' என்று தினமும் அதையே சொல்வானேன் என்று கேட்கலாம். ஒரு நாள் ஒருவர் வரவில்லையென்றால் அன்றே அவர் வீட்டுக்கு ஆள் போகும். தனியாக வாழும் முதியவர் பலருக்கு இந்த நெட் ஒரு துணை.

பேச்சுக்குத் தனி இலக்கணம் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். ஒருவர் பொத்தானை விட்ட பிறகே மற்றவர் பிடிக்க வேண்டும். தந்திக் காலத்துச் சுருக்கெழுத்துகள் இன்றும் புழங்குகின்றன. 'கியூ.டி.ஹெச்.' என்றால் இருக்கும் இடம். 'கியூ.ஆர்.எம்.' என்றால் பிற நிலையங்களின் இரைச்சல். '73' என்றால் அன்பு வணக்கம். வயது வேறுபாடின்றி எந்த ஆணும் 'ஓல்டு மேன்'தான். பதினைந்து வயதுப் பையனும் அப்படியே. மாவட்ட ஆட்சியரும் வானொலி பழுதுபார்ப்பவரும் அலையில் சந்தித்தால் அழைப்புக்குறியால்தான் அறியப்படுவர். பெயருக்குப் பின்னால் உள்ள பட்டமோ சாதியோ அங்கே வருவதில்லை. தமிழக ஹாம்கள் தங்களுக்குள் தமிழிலும் பேசிக்கொள்கின்றனர். இறந்துபோன உறுப்பினரை 'சைலன்ட் கீ' என்பார்கள். தந்திச் சாவி மௌனமானது என்று பொருள்.

வணிகப் பேச்சு, பாட்டு ஒலிபரப்பு, மறைகுறியீட்டில் பேசுவது எல்லாம் விதிப்படி கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் இச்சேவையின் அடிப்படை. எந்த நேரத்தில் யாரிடம் பேசியது என்று குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். தொடர்பு கொண்ட இருவரும் பின்னர் 'கியூ.எஸ்.எல்.' அட்டை எனப்படும் அஞ்சலட்டையை அனுப்பி அதை உறுதிசெய்வது நூறாண்டு வழக்கம். ஊர்க் கோயில் கோபுரமோ, மலையோ, தம் மேசையில் இருக்கும் கருவியின் படமோ அதில் அச்சாகியிருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தபால்தலை ஒட்டினால் கட்டுபடியாகாது என்பதால், தேசியச் சங்கத்தின் அட்டை அலுவலகம் மொத்தமாக அனுப்பி வைக்கும். ஓர் அட்டை வந்து சேர ஓராண்டு ஆனாலும் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கங்கள் நடத்தும் விளையாட்டுகளில் சுவையானது நரி வேட்டை. ஒரு சிறு ஒலிபரப்பியைப் புதரிலோ பாலத்தடியிலோ ஒளித்துவைத்துவிடுவார்கள். அது அவ்வப்போது 'பீப்' என்று ஒலிக்கும். கையில் திசை ஆன்டெனாவுடன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தையற்காரர் அல்ல, தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவுநாடாவை வெட்டி, பி.வி.சி. குழாயில் பொருத்தினால் ஆன்டெனா தயார். அதுவும் இல்லாதவர் கைக்கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்றுவார். உடம்பு அலையை மறைக்கும். ஆகவே சிக்னல் மிகக் குறைந்து கேட்கும் திசைக்கு நேர் எதிரே, அதாவது முதுகுப் பக்கம், நரி இருக்கிறது என்று பொருள். பம்பாய்க் காவல்துறை 1942இல் செய்ததும் இதே வேலைதான் என்று அறிந்தால் பிள்ளைகளுக்கு வரலாறும் சேர்ந்து விளங்கும்.

மற்றொன்று களநாள். மின்வாரிய இணைப்பு இல்லாத ஒரு திடலுக்கோ குன்றுக்கோ போய், மின்கலமும் சூரியத் தகடும் கொண்டு ஒரு நாள் முழுதும் நிலையம் நடத்துவது. அமெரிக்கக் கழகம் 1933இல் தொடங்கிய இப்பழக்கம் உலகெங்கும் பரவியது. போட்டி என்று பெயர். உண்மையில் பேரிடர்க்கான ஒத்திகை. கயிறு எடுத்து வர மறந்தது யார், மின்கலம் இரவு இரண்டு மணிக்கு ஏன் இறங்கியது என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். 1958இல் தொடங்கிய சாரணர்களுக்கான வானொலிக் கூடல் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கிறது. அன்று பள்ளிச் சாரணர்கள் ஹாம் நிலையத்துக்கு வந்து வேற்று நாட்டுச் சாரணரோடு பேசுவர்.

தென்னை மரத்தில் ஆன்டெனா

ஹாம் வானொலி பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக உண்டு. விலையுயர்ந்த ஜப்பானியக் கருவிகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் பேச அரை அலைநீள ஆன்டெனா போதும். ஏறத்தாழ 66 அடி செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, அந்த இடத்தில் கேபிளை இணைத்து, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் இரண்டு தென்னை மரங்களில் கட்டினால் ஆயிற்று.

கருவியின் விலைக்கும் வழி கண்டவர் ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான். 2000களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்ற கருவி, சந்தையில் எளிதில் கிடைக்கும் உதிரிபாகங்களைக் கொண்டே கட்டத்தக்கது. கம்பிச்சுருள் சுற்ற வெளிநாட்டு வளையம் கிடைக்காதா? தண்ணீர்க் குழாயில் போடும் பிளாஸ்டிக் வாஷர் போதும் என்றார். வரைபடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். இந்தியச் சங்கங்கள் கட்டும் பயிலரங்குகள் நடத்தின; வெளிநாட்டினரும் கட்டினர். பிற்பாடு வந்த அதன் பலகைகளை ஐதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று கையால் சுருள் சுற்றித் தயாரித்து உலகெங்கும் அனுப்பியது. சாலிடர் அடித்த கருவியில் முதல் குரல் கேட்கும் நொடிக்காகவே பலர் இச்சங்கங்களில் சேர்கின்றனர்.

2004 டிசம்பர்

அந்தமான் தீவுகளில் பாதுகாப்புக் காரணங்களால் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அமெச்சூர் வானொலிக்கு அனுமதி இல்லை. 'வி.யூ.4' என்று தொடங்கும் நிலையத்தோடு பேசிவிட வேண்டும் என்று உலக ஹாம்கள் காத்திருந்தனர். தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் பலகாலம் முயன்று அனுமதி பெற்று, சிறு குழுவுடன் 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் ஒரு விடுதியில் நிலையம் அமைத்தார். இரவும் பகலும் ஆயிரக்கணக்கானோருக்குப் பதில் சொன்னார்கள்.

டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. பாரதி அப்போது அலையில் இருந்தார். அதிர்ச்சி என்று கூவிவிட்டு வெளியே ஓடினார். சுனாமிக்குப் பின் தீவுகளின் தொலைபேசி, மின்சாரம் இரண்டும் போயின. உலகோடு அட்டை பரிமாற வந்த குழு, கருவியைத் திறந்தவெளிக்கு மாற்றி, மின்கலத்தில் இயக்கி, தாய்நிலத்து ஹாம்களை அழைத்தது. அதன் பிறகு வந்த நாட்களில் அங்கே சிக்கியவர்களின் பெயர்கள் எழுத்து எழுத்தாக அனுப்பப்பட்டன. மறுமுனையில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டு, அந்தந்த வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட செய்தியில் ஒரு பெயரைத் தவறாகக் கேட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உயிரோடு இருப்பவர் வீட்டில் ஒப்பாரி எழும். இறந்தவர் வீட்டில் வீண் நம்பிக்கை பிறக்கும். 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்துச் சொல்வது, சொன்னதை மறுமுனையில் திருப்பிச் சொல்லச் செய்வது, நெறியாளர் கூப்பிடாமல் குறுக்கே பேசாதது என்று வெட்டிப் பேச்சு நெட்டுகளில் பழகிய ஒழுங்கு முழுவதும் அன்று பயன்பட்டது.

இலங்கையிலும் அதே நாட்களில் இலங்கை வானொலிச் சங்கத்தார், விக்டர் குணதிலக்க தலைமையில், அழிவுக்குள்ளான அம்பாந்தோட்டையையும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தையும் சிற்றலையில் இணைத்தனர். அதற்கு முன் 1999 ஒடிசா பெரும்புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் இந்திய ஹாம்கள் இதே பணியைச் செய்திருந்தனர். கைபேசிக் கோபுரங்கள் பெருகிய பின்னும் இந்தத் தேவை குறையவில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், கண்ணாடியிழைக் கம்பி வேண்டும், அதை இணைக்கும் நிலையம் வேண்டும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் ஊரே ஊமையாகும். ஹாம் நிலையத்துக்கு வேண்டியது ஒரு கார் மின்கலமும் ஒரு கம்பியும்.

சுனாமிக்குப் பின் அரசின் பார்வை மாறியது. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் வெளிநாட்டு ஹாம்களும் கலந்துகொண்ட கூடல் நடந்தது. 2007 ஜனவரியில் லட்சத்தீவுக்கும் அனுமதி கிடைத்தது.

விண்ணில்

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி6 ஏவுகலம் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அதனுடன் 42.5 கிலோ எடையுள்ள ஒரு சின்னஞ்சிறு செயற்கைக்கோளும் சென்றது. பெயர் ஹாம்சாட். ஹாம்களுக்கென்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அனுப்பியது. அதில் இரண்டு மறுபரப்பிகள். ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றொன்றைச் செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் லெய்னார் என்ற மாணவர். 435 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பினால் 145 மெகாஹெர்ட்ஸில் கீழே வரும். கையில் பிடித்த ஆன்டெனாவால் வானத்தைத் துழாவிப் பேசலாம். 2014 ஜூலையில் மின்கலம் செயலிழக்கும் வரை ஒன்பது ஆண்டு உழைத்தது. அதற்குப் பிறகு, 2018இல் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் உள்ள ஹாம் மறுபரப்பி இந்தியாவுக்கும் எட்டுகிறது. அது நிலைத்த சுற்றுப்பாதையில் இருப்பதால் துழாவ வேண்டியதில்லை.

இன்றைய சங்கங்களுக்கு எதிரி வேறு. எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், மலிவான மின்னேற்றி ஆகியவை கிளப்பும் மின்னிரைச்சலில் மெல்லிய சிக்னல்கள் மூழ்கிப்போகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் மாடியில் கம்பி கட்ட இசைவதில்லை. தென்னை மரம் உள்ள வீடுகளும் நகரங்களில் குறைந்துவிட்டன. இதனால் சில சங்கங்கள் கல்லூரி வளாகங்களில் பொது நிலையம் அமைத்து, உறுப்பினர்கள் அங்கே வந்து இயக்க வழிசெய்கின்றன. கல்லூரி மாணவர்கள் சேர்வதற்கும் அது வாய்ப்பாகிறது.

2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தபோது, அங்குள்ள ஹாம் கருவி வழியாக இந்திய மாணவர்களோடு பேசினார். நிலையம் ஓர் ஊரின் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். அதற்குள் வரிசையில் நிற்கும் மாணவர்கள் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டு, பொத்தானை விட்டு, பதிலைக் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.